பதிப்பு எண் இல்லாத செயலி

எங்கள் கம்பெனியில் யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்வது வாசல். அது ஒரு மென்பொருள். முதலாளி உட்பட யாருக்கும் அது பயப்படாது. அதற்காகவே காசு கொடுத்து வாங்கினோம். உங்கள் கையில், காதில், கண்ணில், சில பேருக்கு நெஞ்சுக்குள்ளும் இருக்கிற கருவி ஒழுங்காக இருக்கிறதா, அதில் ஓடுகிற செயலி யார் வீட்டுச் சரக்கு, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று விசாரிக்கும். பதில் திருப்தியாக இருந்தால் பம்பு வரைபடம் திறக்கும். இல்லாவிட்டால் திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும், அவ்வளவுதான். முதலாளியின் கைக்கடிகாரம் பழைய பதிப்பு என்று சொல்லி, அவருடைய கம்பெனிக் கணக்கையே அவருக்குக் காட்ட ஒருநாள் மறுத்துவிட்டது. அன்றைக்கு நான் திட்டு வாங்கினேன். மறுமாதம் சம்பள உயர்வும் வாங்கினேன்.

என் பெயர் துளசிமணி. வாசலைக் கட்டி மேய்ப்பது என் வேலை. கேன்டீனில் என்னை 'கேட்டுக்காரி' என்பார்கள், என் காதில் விழாது என்ற நம்பிக்கையில்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் பம்பு கம்பெனிதான். ஆனால் எங்கள் பம்பு கொஞ்சம் வேறு. பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, போதும் என்று தோன்றினால் தானாகவே நின்றுவிடும். விவசாயி கெஞ்சினாலும் ஓடாது. மழை பொய்த்துப்போன ஊர்களெல்லாம் அந்தப் பம்பைத்தான் கேட்கின்றன. அதன் வரைபடத்துக்காகப் பல நாட்டு ஆட்கள் அலைகிறார்கள்.

அந்த வரைபடங்களைப் பெற்றெடுத்தவர் வசுமதி மேடம். வடிவமைப்புப் பிரிவின் தலைவி. அவர் அறிவுக்காக அவரை மதித்தோம். ஆனால் அவரை நாங்கள் நேசித்ததற்கு வேறு காரணம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே நம்மைப் பார்ப்பார். ஒரு நொடி விட்டு, "என்ன துளசி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது, தூங்கலியா?" என்பார். சோதனைக்கூடத்து ஃபர்ஹானாவைப் பார்த்து, "கையில மருதாணி நல்லா புடிச்சிருக்குதே, தம்பி கல்யாணம் முடிஞ்சுதா?" என்பார். நூறு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் ஒருத்தர் வாடியிருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பெற்ற தாய்க்குக்கூட இத்தனை கண் கிடையாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு புது விதி வந்தது. அதுவரை கணினியையும் கைபேசியையும் மட்டும் சோதித்த வாசல், இனிமேல் மூக்குக்கண்ணாடிகளையும் காதில் மாட்டுகிற காதொலிகளையும் சோதிக்கும். விதியை எழுதியவள் நான்தான். இப்போதெல்லாம் செயலிகளுக்கும் வாய் இருப்பதால் வாசல் அவற்றைப் பேச்சிலேயே விசாரிக்கும். முதல் நாள் காலையில் ஒரே ஒரு செயலி மாட்டியது. வசுமதி மேடத்தின் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. விசாரணையின் பதிவு இதுதான்:

"நீ எந்த நிறுவனத்தின் செயலி?"

"ஏனுங்க, இது எந்த நம்பருங்க?"

"உன் பதிப்பு எண் என்ன?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வீட்டு நம்பர் வேணும்னா சொல்றேன்."

"கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டாய்?"

"போன தை மாசம் கண்ணு ஆபரேசன் பண்ணுனாங்க. இப்ப நல்லாத் தெரியுதுங்க."

"நீ சேகரிக்கும் தகவல் யாருடன் பகிரப்படுகிறது?"

"அவகிட்ட மட்டுந்தானுங்க. வேற ஆரு என்ற பேச்சைக் கேக்கறாங்க?"

கீழே வாசலின் தீர்ப்பு: அடையாளம் தெரியாத செயலி. நடத்தை கணிக்க முடியாதது. உடனே தடை செய்யப்பட்டது.

நான் சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினேன். சிரித்து முடித்த பிறகுதான் பதிவை மறுபடி படித்தேன். அது செயலி இல்லை, ஒரு ஆள். வெளியே எங்கோ உட்கார்ந்துகொண்டு, மேடத்தின் கண்ணாடிக் கேமரா வழியாக எங்கள் வரைபடங்களையெல்லாம் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். இது முதலாளியின் காதுக்குப் போனால் மேடத்தின் வேலை அன்றைக்கே போய்விடும். காதுக்குக் கொண்டுபோக வேண்டியதும் நான்தான்.

மேடத்தின் அறைக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, திரையிலிருந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வருவேன்னு தெரியும். கதவைச் சாத்து துளசி," என்றார்.

சாத்தினேன். "மேடம், அந்தச் செயலி..."

"செயலியா? எங்க வீட்டுக்காரரு, கண்ணு."

அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு மேடம் நீண்ட விடுப்பில் போனது எங்களுக்குத் தெரியும். விஷக்காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் மூளை வரைக்கும் போயிருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

"முகம் தெரியாம போச்சு. கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் தெரியுது. சேத்து வெச்சு அது ஆருன்னு மட்டும் தெரியல. நெலக்கண்ணாடியில என்ற மூஞ்சியப் பாத்தாக்கூட ஆரோ ஒரு பொம்பள நிக்கற மாதிரிதான் இருக்குது."

"பம்பு வரைபடமுங்க மேடம்?"

"அதெல்லாம் அப்படியே இருக்குது. மோட்டாரைக் காட்டு, எந்த வருசத்துச் சரக்குன்னு சொல்றேன். மனுசனைக் காட்டுனா முழிப்பேன்."

"முகம் பாத்துப் பேரு சொல்ற செயலி கடையில எத்தனையோ இருக்குதுங்களே?"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "முகம் படிக்கிற செயலி கம்பெனிக்குள்ள வரவே கூடாதுன்னு விதி எழுதுனது ஆரு?"

எழுதியது நான்தான். எங்கள் ஆட்களின் முகங்களை வெளிக்கம்பெனிகள் சேர்த்துவைத்து விற்கக் கூடாது என்று எழுதிய விதி. நல்ல விதிதான். இப்போதும் அதை மாற்றமாட்டேன்.

"அதனால அவரைக் கேட்டேன். ஆண்டுவிழாவுக்கு வருவாரில்ல, ஒருக்கா பாத்தா மறக்க மாட்டாரு. வீட்டுல உக்காந்து கண்ணாடி வழியாப் பாப்பாரு. எதுக்க ஆரு வர்றாங்கன்னு காதுல சொல்லுவாரு. முகமே தெரியாதவ எப்படி ஒரு பிரிவைக் கட்டி மேய்ப்பான்னு நாளைக்குப் பேச்சு வந்துரும் துளசி. ஆர்கிட்டயும் சொல்லிராதே."

மேடத்தை மாட்டிவிட எனக்கு மனசில்லை. அதற்காக விதியை வளைக்கவும் கை வரவில்லை. அந்த இணைப்பு அறுந்தது அறுந்ததுதான் என்றேன். அறிக்கையை மட்டும் 'விசாரணையில்' என்று நிறுத்திவைக்கிறேன், மாதக் கடைசிக்குள் ஒரு வழி பண்ணுகிறேன் என்றேன். மேடம் அந்தக் கண்ணாடியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். அதை ஏன் அவ்வளவு மெதுவாக வைத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

வழி எனக்கு அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொருவரின் கருவியையும் வாசல் சோதிக்கிறது. அப்படியென்றால் எந்த அறைக்குள் யார் வருகிறார் என்று அதற்கு முன்னமே தெரியும். முகமே பார்க்க வேண்டாம். வருகிறவரின் பெயரை மேடத்தின் காதில் ஓதிவிட்டால் போதும். வெளியே ஒரு துளித் தகவல் போகாது. விதிக்கு விதியும் ஆச்சு, மேடத்துக்கு உதவியும் ஆச்சு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடத்திடம் சொன்னேன். "அது எதுக்கு கண்ணு..." என்று இழுத்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து நானே மேலே மேலே பேசினேன். இயந்திரக் குரல் அவருக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்று எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. அவர் கணவரின் குரலையே வாசலுக்குப் பழக்கிவிடலாம். அவருக்கு நானே போன் செய்தேன். அவர் பெயர் அர்த்தநாரி.

"நீங்கதானுங்களா அந்த வாசலு?" என்றார். நல்ல கனத்த குரல். ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக வந்தது.

"நான் துளசிமணிங்க. வாசலைப் பாத்துக்கறவ."

"அட, தெரியுமுங்க அம்மிணி! கேன்டீன்ல உளுந்துவடை ரெண்டு வாங்கி ஒண்ண ட்ராயர்ல வெப்பீங்களே?"

பாதுகாப்புப் பிரிவின் தலைவிக்கு இதைவிட அவமானம் வேண்டாம். சமாளித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"என்ற குரலுங்களா?"

"ஆமாங்க. ஒரு நாலு பக்கம் படிச்சுக் குடுத்தீங்கன்னா போதும். அப்பறம் வாசலே எல்லாப் பேரையும் உங்க குரல்ல சொல்லிக்கும். நீங்க நாளெல்லாம் உக்காந்து கஷ்டப்பட வேண்டியதில்லை."

"எடுத்துக்கங்க அம்மிணி," என்றார். "முன்னாடியும் எடுத்திருக்காங்க."

அது என்ன என்று நான் கேட்கவில்லை. நாலு பக்கத்தையும் ஒரு தடங்கல் இல்லாமல் படித்துக்கொடுத்தார்.

ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது. கதவு திறப்பதற்குள் மேடத்தின் காதில் பெயர் விழுந்துவிடும். ஒரு பிழை இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பியது. மேடம் முன்ன மாதிரி இல்லை.

"பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஆனா மொட்டையா இருக்குது," என்றார் ஸ்டோர்ஸ்காரர். மேடம் யாரிடமும் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஃபர்ஹானாவின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு மேடத்தின் முன்னால் நின்றிருக்கிறாள். மேடம், "வா ஃபர்ஹானா," என்று சொல்லிவிட்டு, வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வால்வு சோதனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஃபர்ஹானா என்னிடம் வந்து, "மேடத்துக்கு என்மேல ஏதாவது கோபமாக்கா?" என்றாள். வாசலின் கணக்கைத் திறந்து பார்த்தேன். பெயர் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிப் பேச்சே போய்விட்டது. ஒருநாள் வீட்டில் படுத்துவிட்டு, மறுநாள் முகமூடி மாட்டி, வழக்கமாகப் போடுகிற சுடிதாரை விட்டுவிட்டு ஒரு பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் மேடம் தன் வண்டியிலிருந்து இறங்கி எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அங்கே கதவு இல்லை, வாசலும் இல்லை. காதொலி அவர் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் அவரைக் கடந்து போனேன்.

"காய்ச்சலோட எதுக்குடி வந்தே துளசி?"

நான் நின்றுவிட்டேன். முகத்தில் பாதி மூடியிருந்தது. திறந்திருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"எப்படிங்க மேடம்?" என்றேன். குரல் தவளை மாதிரி வந்தது.

"எடது செருப்பை இழுத்து இழுத்து நடக்கறவ இந்தக் கம்பெனியில நீ ஒருத்திதான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முதல் நாள், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தானே 'கதவைச் சாத்து துளசி' என்றார்.

"எல்லாரையும் தெரியுமுங்களா?"

"நடை, செருப்புச் சத்தம், இருமல், வளையல், தேங்காயெண்ணெய் வாசம். ஒருத்தரைத் தெரிஞ்சுக்க முகம் ஒண்ணுதானா இருக்குது? மொதல் வருசம் திணறுனேன். பொறவு பழகிருச்சு. போன மழைக்காலத்துலிருந்து அவரு சொல்லாமயே எனக்குத் தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க மேடம் அந்தக் கண்ணாடி? வேலையே போயிருக்குமே!"

மேடம் வண்டியின் இருக்கையில் சாய்ந்துகொண்டார். "அவரு என்ன வேலை பாத்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளரு. பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு அவரு ஆரம்பிச்சா, ஓடிட்டிருக்கற கொழந்தைகூட நிக்கும். ஒருநாள் குரலைப் பதிவு பண்ணோணும்னு கூப்பிட்டாங்க. சந்தோசமாப் போய்ப் படிச்சுக் குடுத்துட்டு வந்தாரு. அடுத்த மாசம் நீங்க வர வேண்டாம்னுட்டாங்க. குரல் அங்க இருக்குது, ஆளு வீட்டுல. இன்னைக்கும் அங்க அவரு குரல்தான் பேசுது. நாங்க எங்க போனாலும் அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போறதில்ல."

எனக்குக் காய்ச்சல் இன்னும் ஏறியது போலிருந்தது. 'முன்னாடியும் எடுத்திருக்காங்க' என்று அவர் சொன்னது காதில் அப்படியே திரும்பி வந்தது. நாலு பக்கம். நானும் அதே நாலு பக்கத்தைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன், உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று வேறு சொல்லி.

"ஆறு மாசம் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு," என்றார் மேடம். "அப்பத்தான் எனக்கு இந்தக் காய்ச்சல் வந்துச்சு. முகம் தெரியலன்னு நான் அழுதேன். அவரு எந்திரிச்சு மொகங் கழுவி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிட்டு வந்து உக்காந்தாரு. 'நான் சொல்றேன் வசு, நீ போ'ன்னாரு. எனக்கு முகம் போனதுல அவருக்கு ஒரு வேலை வந்துச்சு. அதை நான் எப்படிப் புடுங்குவேன்?"

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க."

"தேவையில்லாத இணைப்பை எதுக்குத் திறக்கோணும்னு நீதான் மொதல்ல கேட்டிருப்பே." காதொலியை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இந்தக் குரலை மட்டும் மாத்திரு கண்ணு. வேற ஆரு குரலாச்சும் வை. அவரு பேசுனா நடுவுல ஒரு இருமல் இருமுவாரு. சோத்துக்கு என்ன பண்ணட்டும்னு கேப்பாரு. அந்தப் புள்ள மூஞ்சி வாடியிருக்குது பாரு, என்னன்னு கேளும்பாரு. எனக்கு வேலை செய்யறப்ப மூஞ்சி உங்க பக்கம் திரும்புனாலும் கவனம் வரைபடத்துலயே நிக்கும். உங்களையெல்லாம் பாத்துட்டு இருந்தது அவருதான். இது பேரை மட்டும் சொல்லிட்டு அடங்கிருது."

எனக்கு அழுகை வந்தது. கேட்டுக்காரி அழலாமா என்று பார்க்காமல் அழுதேன். இத்தனை நாளும் என்னைத் தூங்கினாயா என்று கேட்டது ஆண்டுவிழாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டுப் போன மனிதர்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் விதிப்படிதான். யாரும் குறை சொல்ல முடியாது. அர்த்தநாரிக்குக் கம்பெனியின் கைக்கருவி. வீட்டில் தனி அறை, கதவு சாத்தியிருக்க வேண்டும். ரகசியம் காப்பதாக உறுதிமொழி. மேடத்தின் கண்ணாடி வெளியே அனுப்பும் காட்சியில் வரைபடம், திரை, தாள் எதுவாக இருந்தாலும் வெள்ளையாகிவிடும்; ஆட்கள் மட்டும் தெரிவார்கள். ஆனால் இதற்கு இரண்டு தரப்பு சம்மதிக்க வேண்டும்: முதலாளி, அப்புறம் பார்க்கப்படுகிறவர்கள். ஒளித்து மறைத்துச் செய்ய முடியாது. மேடம் தன் குறையை எல்லோருக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும்.

"சொல்றேன்," என்றார் மேடம். யோசிக்கக்கூட இல்லை. "ஆனா அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியோணும்னு இல்லைங்கறதை மட்டும் அவருக்குச் சொல்லிராதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

முதலாளி நவநீதன் வயதில் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "ஏனுங்கக்கா, வாசலே பேரு சொல்லுதுங்களே, பின்ன எதுக்கு ஒரு ஆளு?"

"வாசல் பேரு சொல்லுதுங்க. ஃபர்ஹானா அழுதுட்டு நின்னதைச் சொல்லலையே."

அவர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "மேடத்துக்கு முகமே தெரியாதுங்களா?" என்று கடைசியில் கேட்டார். "போன வருசம் எங்கப்பா செத்த அன்னைக்கு, கூட்டத்துல நான் ஒரு மூலையில நின்னுட்டு இருந்தேன். நேரா வந்து தண்ணி குடுத்தாங்களேக்கா." சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

கூட்டம் கேன்டீனில் நடந்தது. மேடம் எழுந்து நின்றார். "எனக்கு ரெண்டு வருசமா உங்க ஒருத்தர் முகமும் தெரியாது," என்றார். தன் கணவரைப் பற்றிச் சொன்னார். உங்களைக் கேட்காமல் உங்களைப் பார்க்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

ஃபர்ஹானா எழுந்தாள். "அப்ப, என் மருதாணியைப் பாத்தது?"

"அவரு."

"எங்க தம்பிக்குக் கல்யாணம்னு ஞாபகம் வெச்சிருந்தது?"

"அவருதான்."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கணக்குப் பிரிவு இளம்பரிதி மட்டும், தன்னை யாரோ ஒருத்தர் பார்ப்பது தனக்குப் பிடிக்காது என்றார். அது அவர் உரிமை. அவரையும் வெள்ளையாக்கிவிட்டோம்.

கைக்கருவியைக் கொடுக்க வடவள்ளியில் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். மேடம் ஆபீசில் இருந்தார். அர்த்தநாரி இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். உள்ளே ஒரு மேசை, அதன் முன்னால் ஒரு நாற்காலி, அணைந்துகிடந்த ஒரு திரை.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் குரலை வாசலிலிருந்து அழித்துவிட்டேன் என்றேன். "அட, வெசனப்படாதீங்க அம்மிணி," என்று காப்பி கலக்கப் போனார். காப்பியோடு ஒரு தட்டில் உளுந்துவடை வந்தது. இரண்டு. இரண்டையும் அங்கேயே தின்றேன்.

கருவியை விளக்கிச் சொன்னேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஒண்ணு கேக்கலாமுங்களா? நான் வேணும்னு அவளேவா சொன்னா?" என்றார்.

"ஆமாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீங்க இல்லாம ஒருத்தரைக்கூடத் தெரியலையாம்."

அவர் சிரித்தார். "பொய்யின்னா அவளுக்கு வாயே வராது. இப்பத் தேறிட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேமரா அவ கண்ணாடியிலதானுங்களே இருக்குது? வந்தது ஆருன்னு தெரிஞ்சதும் அவ தலையை ஆட்டுவா. ஆட்டுனா எனக்குப் படம் ஆடும். மொதல்ல எல்லாம் நான் பேரைச் சொல்லுவேன், பொறவு படம் ஆடும். போன மழைக்காலத்துலிருந்து படம் முன்ன ஆடுது, நான் பின்னதான் சொல்றேன்."

"தெரிஞ்சும் சொல்லிட்டே இருந்தீங்களா?"

"சொல்லாம நிறுத்துனா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அப்பறம் ரெண்டு பேருமே நடிக்க முடியாதுங்களே." மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "வேலையே போனாலும் பரவால்லைன்னு ஒருத்தி எனக்காகப் பொய் சொல்லிட்டு இருக்கா. அதைத் தெனமும் உக்காந்து பாக்கறது இருக்குதே, அது ஒரு சொகமுங்க அம்மிணி. எத்தனை பேருக்குக் கெடைக்கும்? நீங்க அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அவருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

கருவியை இயக்கினோம். வாசல் மறுபடி விசாரணையை ஆரம்பித்தது. எந்த நிறுவனம் என்று கேட்டது. எங்கள் கம்பெனியின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னார். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டாய் என்று கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "இப்பத்தானுங்க," என்றார். கடைசிக் கேள்வி பொறுப்பாளரான எனக்கு: இந்தச் செயலி யாருக்குத் தேவை? மேடத்துக்கு என்றால் பொய். அவருக்கு என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களுக்கு" என்றேன். வாசல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதால் எனக்கும் மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை ஏதோ அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி வந்தேன். மேடத்தின் அறைக் கதவைத் திறந்தேன். அவர் கண்ணாடி போட்டிருந்தார். என் செருப்பு தரையில் இழுபட்டதுமே, வரைபடத்திலிருந்து நிமிர்ந்து தலையை ஆட்டினார். நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வடவள்ளியில் ஒரு திரையில் படம் ஆடியிருக்கும். பிறகு மேடம் அப்படியே அசையாமல், காதைக் கொடுத்து, ஒன்றும் தெரியாதவர் போல் காத்திருந்தார். ஒரு நொடி. இரண்டு நொடி. ஒரு இருமலுக்கான நேரம்.

அப்புறம்தான் முகம் மலர்ந்து, "அட, துளசியா?" என்றார். "ஏண்டி, காலையில சாப்பிடலியா?"